சுத்தமாக வந்து எடுக்கவும்

பாடசாலை விடும் மணி அடித்தது. ஒன்பதாம் வகுப்பு முழுவதும் வாசற் படலையை நோக்கி ஓடியது. அம்பிகை மட்டும் வாங்குப் பலகையிலிருந்து எழும்பவில்லை. புத்தகங்களை அடுக்குவதும் கலைப்பதும் மறுபடி அடுக்குவதுமாக இருந்தாள்.

"வீட்டை போகேல்லையோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"நீங்கள் போங்கோ ரீச்சர். நான் ஆறுதலாப் போறன்."

எனக்கு விளங்கிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு மனையியல் அறைக்குப் போய், தையல் பாடத்துக்கென்று வைத்திருந்த நீலத் துணியில் ஒரு துண்டு எடுத்து வந்தேன். அவள் எழும்பியதும், தன் வெள்ளைச் சட்டையைத் திரும்பிப் பார்க்கும் முன்னரே, துணியை இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டேன். வாங்கைக் கழுவக் கிட்டத் தண்ணீர் இல்லை. கடுதாசியால் துடைத்து, அதன்மேல் கரும்பலகை வெண்கட்டித் தூளைத் தேய்த்தோம்.

நாலடி வைத்ததும் அவள் நின்றாள். கால்களை அகட்டி அகட்டித்தான் நடக்க முடிந்தது.

"காலிலை என்ன?"

"ஒண்டுமில்லை ரீச்சர்."

"சொல்லடி."

"கட்டின சீலைத்துண்டு தொடையிலை உரஞ்சிப் புண்ணாப் போச்சு."

சைக்கிளை உருட்டிக்கொண்டு அவளோடு நடந்தே அவள் வீட்டுக்குப் போனேன். கரம்பொன் சந்தியிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பும் தெருவில் ஒரு மைல் தூரம். மாசி மாதம். தைக்குப் பிறகு ஒரு துளி மழை இல்லை. வழியில் மூன்று தரம் நின்றாள். மூன்று தரமும் செருப்பில் கல் புகுந்துவிட்டதாகச் சொன்னாள்.

அது 1984ஆம் ஆண்டு. அம்பிகையின் தகப்பன் சிவபாதம் இரத்தினபுரியில் கடை வைத்திருந்தவர். முந்திய ஆண்டு ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. மனைவி பரிமளத்தையும் மகளையும் கூட்டிக்கொண்டு, உடுத்த துணியோடு ஊருக்கு வந்து சேர்ந்தார். வந்த மூன்றாம் மாதம் அம்பிகை பெரியபிள்ளையானாள். குழாயைத் திருப்பினால் தண்ணீர் வரும் வீட்டில் வளர்ந்த பிள்ளை. இங்கே அவர்களுடைய வளவுக் கிணறு உவர். நல்ல தண்ணீர் கோயிற் கிணற்றிலிருந்து குடத்தில் வரவேண்டும்.

நான் போனபோது பரிமளம் குசினிக்குள் இருந்தாள். மகளின் நடையைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்தினாள். "கொட்டிலுக்குப் போ" என்று மட்டும் அவளுக்குச் சொன்னாள். துடக்குத் தீட்டு நாட்களில் அவள் ஒதுங்கியிருப்பது அங்கேதான்.

"சீலையை எங்கை காயப்போடுறவள்?" என்று கேட்டேன்.

பரிமளம் சுற்றிலும் பார்த்துவிட்டு என்னைப் பின்பக்கம் கூட்டிப் போனாள். ஆட்டுக் கொட்டிலின் பின்னால், கூரை வேய்கிற கிடுகு அடுக்கிவைத்த இடத்தில், இரண்டு கிடுகுக்கு இடையில் அந்தத் துண்டுகள் இருந்தன. ஒன்றை எடுத்தேன். அட்டைபோல விறைத்திருந்தது. மடிப்புகளில் உப்புப் பூத்திருந்தது. காயாத ஓரத்தில் பூஞ்சணம் மணத்தது.

"உவர்த் தண்ணியிலையோ தோய்க்கிறவள்?"

"வேறை எதிலை ரீச்சர் தோய்க்கிறது? சவுக்காரமும் நுரைக்காது, தயிர் மாதிரித் திரையும். நல்ல தண்ணி கோயிற் கிணத்துத் தண்ணியெல்லோ? அதைத் துடக்குக்குப் பாவிக்கலாமோ?"

"நீங்கள் அள்ளி ஊத்தலாமே, பரிமளம்."

"ஒரு நாளைக்கு இரண்டு குடம். மூண்டாவது குடம் வந்தால், பக்கத்து வளவு மச்சாள், இவற்றை அக்கா, வேலியாலை எட்டிப் பாத்து 'இண்டைக்கு என்ன விசேசம்' எண்டு கேப்பா. 'சிங்கள ஊரிலை இருந்து வந்தவை, துடக்குத் துப்புரவு பாக்காயினம்' எண்டு வந்த கிழமையே கதை. நான் அங்கை இருக்கேக்கை இவ்வளவு பாத்ததில்லை ரீச்சர். இஞ்சை வந்துதான் பாக்கிறன்."

"வெய்யிலிலை எண்டாலும் போடுங்கோ."

"ஆம்பிளையள் திரியிற வளவு!" என்று அவள் வாயைப் பொத்தினாள்.

சிவபாதம் புகையிலைத் தோட்டத்திலிருந்து வந்தார். கை கழுவிக்கொண்டே, எதற்காக வந்தேன் என்று கேட்காமலே சொன்னார்:

"மாசத்திலை அஞ்சு நாள் வீட்டிலை நிக்கிறாள். போற நாளிலையும் அழுதுகொண்டு வாறாள். பள்ளிக்கூடத்திலை பிள்ளையைப் பகிடி பண்ணுறாங்களாம். சித்திரையோடை படிப்பை மறிச்சுப் போடுவம் எண்டு யோசிக்கிறன் ரீச்சர்."

"கணக்கிலை அவள்தான் வகுப்பிலை முதல்."

"கணக்குப் பாக்கிறதுக்கு இனிக் கடையும் இல்லையே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நான் சைக்கிளை எடுத்தேன். படலையைத் திறக்கும்போது கொட்டிலுக்குள் இருந்து குரல் கேட்டது. "ரீச்சர், மறிக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

நான் திரும்பிப் போய்ச் சொன்னேன். "ஆனி வரைக்கும் பொறுங்கோ அண்ணை. பள்ளிக்கூடத்துக்கு நல்ல தண்ணி வரும். பொம்பிளைப் பிள்ளையளுக்கெண்டு வரும். அது என்ர பொறுப்பு."

எந்தத் துணிவில் சொன்னேன் என்று தெரியவில்லை. அம்மன்தான் சொல்ல வைத்தாள் என்று அன்று நினைத்தேன்.

எங்கள் பாடசாலை சின்னது. பின்பக்கம், தாழை மறைப்பில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு கக்கூஸ். தண்ணீருக்கு ஒரு கிணறு, அதுவும் உவர். அது விளையாட்டிடத்தின் நடுவில் இருந்தது. வாளியோடு ஒரு பிள்ளை அந்த வெளியைக் கடந்து போனால், பெடியள் பந்தை நிறுத்திவிட்டு, "விலத்துங்கோ, விலத்துங்கோ, தேர் வருது!" என்று கத்துவார்கள். அதற்குப் பயந்து, பிள்ளைகள் விடியற்காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. ஏழரைக்கு வந்தால் இரண்டு மணிக்குத்தான் எழும்புவார்கள். எழும்பாமல் இருக்க முடியாத நாட்களில் வரமாட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் காலைப் பிரார்த்தனை சரஸ்வதி சிலைக்கு முன் நடக்கும். துடக்கான பிள்ளை வரிசையை விட்டு வேப்பமரத்தடியில் தனியே நிற்கவேண்டும். அங்கே நிற்பவள் யார், ஏன் நிற்கிறாள் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் பக்கம் எப்போதும் குறைவு.

இவ்வளவையும் பதினாறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். சைவசமயமும் மனையியலும் படிப்பிக்கிறவள். இதை ஏன் முன்பே கேட்கவில்லை என்று என்னை நானே கேட்டேன். என் காலத்திலும் அப்படித்தானே என்று விட்டுவிட்டேன். அது நல்ல மறுமொழி அல்ல.

பாடசாலை அதிபர் தில்லைநாதனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் இருந்த சொல் இரண்டாவதில் இல்லை. இரண்டாவதில் இருந்தது மூன்றாவதில் இல்லை. கடைசியில் இப்படி வந்தது: "மாணவிகளின் சுகாதாரத் தேவையைக் கருத்திற்கொண்டு, பாடசாலைக்கு நல்ல தண்ணீர் வசதி செய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்."

அதிபர் வாசித்துவிட்டுத் தலையாட்டினார். "நல்ல விசயம் ரீச்சர். நல்ல தமிழும். உந்தக் கடிதத்தைப் பெற்றார் சங்கக் கூட்டத்திலை வைப்பம்."

பங்குனிக் கூட்டத்தில் அவர் அதை உரக்க வாசித்தார். சங்கத் தலைவர் அம்பலவாணர் எழுந்து நின்றார். ஊரில் காணி பூமி உள்ளவர், எழுபது வயது, தினமும் கோயிலுக்குப் போகிறவர். பாடசாலையை அடுத்த தோட்டத்தில் அவருடைய நல்லதண்ணீர்க் கிணறு இருந்தது. அவருடைய மகன் லண்டனில். போன வருடம் தவறிய மனைவி சீதேவியின் பேரில் ஏதாவது தருமம் செய்ய வேண்டும் என்று மகன் எழுதியிருந்தான்.

"பிள்ளையளுக்குத் தண்ணி குடுக்கிறதை விட வேறை என்ன தருமம் இருக்கு?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ர கிணத்திலை இருந்து பைப் இழுத்து, ஒரு தண்ணித் தாங்கி கட்டித் தாறன். காலமை காலமை பம்ப் அடிச்சு நிரப்பிறது என்ர பொறுப்பு."

எல்லோரும் கை தட்டினார்கள். என் கண்ணும் கலங்கியது.

"எங்கை கட்டிறது?" என்று ஒருவர் கேட்டார்.

நான் எழும்பினேன். முன்னால் நாற்பது ஆண்கள். "பின்பக்கமாக் கட்டினால் வசதியா இருக்கும் ஐயா" என்றேன்.

"பின்பக்கமோ?" அம்பலவாணர் திடுக்கிட்டார். "குடிக்கிற தண்ணியைக் கக்கூசுக்குப் பக்கத்திலை ஆரும் வைப்பினமோ ரீச்சர்?"

பின்வரிசையில் சிரிப்புக் கேட்டது. யாரோ, "ரீச்சருக்குத் தூரம் நடக்கப் பஞ்சியும் அலுப்பும் போலை" என்றார். நான் இருந்துவிட்டேன். அந்த நேரத்தில் ஒரேயொரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும். அது என் நெஞ்சுக்குள் இருந்தது. வாய்க்கு வரவில்லை.

சரஸ்வதி சிலைக்குப் பக்கத்தில், வலது கைப்புறமாகக் கட்டுவதென்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. தண்ணீர் புனிதமானது. அதற்கு அதுதான் தகுந்த இடமாம்.

மறுநாள் அதிபரின் அறைக்குப் போனேன். "சேர், நான் கேட்ட தண்ணி குடிக்கிறதுக்கு இல்லை. பிள்ளையள் அந்த நாளிலை..."

அவர் கையை உயர்த்தினார். காதுவரை சிவந்துவிட்டது. மேசையில் இருந்த கடுதாசிகளை நேராக்கினார். நேராக இருந்தவற்றையும் நேராக்கினார். "நீர் என்ன சொல்ல வாறீர் எண்டு விளங்குது ரீச்சர். உந்தக் கதையளை என்னோடை கதையாதையும். என்ர மனிசியோடை கதையும்."

அவருடைய மனைவியிடமும் போனேன். நல்ல பெண். தேத்தண்ணீர் தந்தாள். "ஓம் ரீச்சர், நீங்கள் சொல்லுறது சரி. அவருக்குச் சொல்லுறன்" என்றாள். பிறகு படலைவரை வந்து, "எப்பிடிச் சொல்லுறது எண்டுதான் தெரியேல்லை" என்றாள். அதற்குள் தாங்கிக்கு அத்திவாரம் வெட்டியாகிவிட்டது.

வைகாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தாங்கி திறக்கப்பட்டது. வெள்ளை பூசி, நாலு பக்கமும் நாலு குழாய். மேலே "சீதேவி அம்மாள் ஞாபகார்த்தம்" என்று எழுதியிருந்தது. அதன் கீழே அதிபர் தன் கையாலேயே நீலப் பெயின்ரால் ஒரு வரி எழுதியிருந்தார்: "சுத்தமாக வந்து எடுக்கவும்."

கை கழுவி வரவேண்டும், குழாயில் எச்சில் வாய் வைக்கக்கூடாது என்பதுதான் அவர் மனதில் இருந்தது. நான் நம்புகிறேன், அவர் கெட்ட மனிதர் அல்ல. ஆனால் அம்பிகைக்குப் பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழி இராசமணி அதை வாசித்துவிட்டு, குனிந்து, "எங்களுக்குத்தானடி எழுதியிருக்கு" என்றாள்.

"எங்களுக்கோ?"

"பின்னை? நாங்கள் ஆராவது துடக்கோடை தொட்டால், அம்பலவாணர் ஐயாட கிணறும் சேத்துத் தோசமாப் போயிடும். பிறகு ஊருக்கே நல்ல தண்ணி இல்லை. சரஸ்வதியும் பாத்துக்கொண்டிருக்கிறா."

அவள் பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரத்துக்குள் அது சட்டமாகிவிட்டது. யாரும் போடாத சட்டம். பிள்ளைகளுக்காகக் கேட்ட தண்ணீர், பிள்ளைகளின் கண்ணுக்கு முன்னால் வெள்ளையாக நின்றது. தேவையான நாளில்தான் அவர்கள் அதைத் தொட முடியாது.

அந்த மாதம் அம்பிகை தன் நாட்களில் வந்தாள். எனக்காகத்தான் வந்தாள் என்று நினைக்கிறேன். இடைவேளையில் நான் தாங்கிக்குப் போய், ஒரு வாளி நிரப்பி, வெளியைக் கடந்து கொண்டுபோய்க் கக்கூஸ் வாசலில் வைத்தேன். பெடியள் "தேர்" என்று தொடங்கினார்கள். ரீச்சரைக் கண்டதும் வாய் அடங்கியது. அம்பிகை உள்ளே போய்க் கழுவி, மாற்றி, தோய்த்து வந்தாள்.

"நுரைச்சுது ரீச்சர்" என்றாள். சவுக்காரம் நுரைத்ததைச் சொல்ல ஒரு பிள்ளைக்கு இவ்வளவு சந்தோசம் வருமென்று எனக்குத் தெரியாது.

மூன்று நாள் அப்படிச் சுமந்தேன். மற்றப் பிள்ளைகளுக்கும் சுமந்தேன். சிலநாள் நாலு வாளி. இது நல்ல வழி, ஆரவாரம் இல்லாத வழி என்று எனக்குள் திருப்திப்பட்டுக்கொண்டேன்.

ஆனி மாதம் அம்பிகையின் நாளும் என் நாளும் ஒன்றாக வந்தன.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். நானும் துடக்குப் பார்க்கிறவள். இன்றைக்கும் பார்க்கிறேன். அம்மன் முன் நிற்கக்கூடாத நாளில் நிற்பதில்லை. அன்று காலையில் வாளியை எடுத்துக்கொண்டு தாங்கிவரை போனேன். குழாய்க்கு ஒரு முழத் தூரத்தில் நின்றுவிட்டேன். சரஸ்வதியைப் பார்த்தேன். அந்த நீல எழுத்தைப் பார்த்தேன். வேறு யாரையாவது அனுப்பலாம் என்று திரும்பிப் பார்த்தேன். அனுப்பினால் ஏன் என்று கேட்பார்கள். வெறும் வாளியோடு திரும்பினேன்.

இடைவேளையில் அம்பிகை வகுப்பு வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நான் கொப்பிகள் திருத்துவதுபோலக் குனிந்திருந்தேன். அவள் போய் உட்கார்ந்தாள். கடைசிப் பாடத்தில் கணக்கு வாத்தியார் அவளைக் கரும்பலகைக்கு வரச்சொன்னார். அவள் வரமாட்டேன் என்றாள். அவர் கோபப்பட்டு எழுப்பினார். அவள் சட்டையின் பின்புறத்தை வகுப்பு முழுவதும் பார்த்தது.

அடுத்த திங்கள் அவள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. இராசமணி வந்து சொன்னாள்: "அம்பிகையை மறிச்சுப் போட்டினமாம் ரீச்சர்."

அன்றிரவு என்னால் தேவாரம் பாட முடியவில்லை. ஒரு பிள்ளையின் தொடை புண்ணாகவேண்டும் என்று அம்மன் கேட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை, படிப்பிக்கவும் இல்லை. பிறகு அந்த ஒரு முழத் தூரத்தில் என்னை மறித்தது யார்? அதிபர் மீது கோபம் வந்தது. பெடியள் மீது வந்தது. சுற்றிச் சுற்றிக் கடைசியில் என்மீதே வந்து நின்றது.

ஆடி மாதம், மறுபடி என் நாள் வந்தபோது, அம்பலவாணர் வீட்டுக்குப் போனேன். அந்த நாளை நான் தெரிந்துதான் எடுத்தேன். படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டேன்.

அவர் வெளியே வந்தார். "ஏன் பிள்ளை படலையடியிலை நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோ, கதிரையிலை இருங்கோ."

"நான் உள்ளுக்கு வர ஏலாது ஐயா."

ஏன் என்று கேட்க வாயைத் திறந்தார். கேட்கவில்லை. அவரும் மூன்று பெண்பிள்ளைகளைப் பெற்றவர். தோளில் இருந்த துவாயை எடுத்து மறுபடி தோளில் போட்டார்.

"இப்பிடி நிக்கிற நாளிலை உங்கட தாங்கித் தண்ணியும் எனக்கு எடுக்க ஏலாது" என்றேன். நிறுத்தினால் சொல் மறுபடி வராது என்று தெரிந்ததால் நிறுத்தவில்லை. "நான் மட்டுமில்லை. எந்த நாள் பாத்தாலும் நாலைஞ்சு பிள்ளையளுக்கு எடுக்க ஏலாது. அந்தப் பிள்ளையளுக்குத்தான் ஐயா நான் தண்ணி கேட்டனான். மாதத்துடக்கோடை இருக்கிற பிள்ளையள் கழுவுறதுக்கு. சீலை தோய்க்கிறதுக்கு."

தெருவில் ஒரு சைக்கிள் போனது. அம்பலவாணர் அது போய் மறையும்வரை அதையே பார்த்தார்.

"அப்ப அதைக் கடிதத்திலை ஏன் எழுதேல்லை?"

"எழுதினனான் ஐயா. சுகாதாரம் எண்டு எழுதினனான்."

"சுகாதாரம் எண்டால் நாங்கள் நுளம்பு கொசுவுக்கு மருந்தடிக்கிறது எண்டெல்லோ நினைக்கிறம்!"

அவருக்குக் கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை போலும்.

"என்ர மனிசியின்ர பேரைப் போட்டு," என்றார் மெல்ல, "அவவே மாசத்திலை மூண்டு நாள் தொட ஏலாத தண்ணியைக் கட்டி வைச்சிருக்கிறன்."

அவர் பாடசாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இருபது அடி பைப் மிச்சம் கிடக்கு. இன்னும் கொஞ்சம் யாழ்ப்பாணத்திலை எடுக்கலாம். பின்பக்கம் ஒரு குழாய் வைக்கிறன். கக்கூசுக்குள்ளையே வைக்கிறன். என்ர கிணத்துக்கு ஒரு தோசமும் வராது."

"ஆரும் கேட்டால் ஐயா?"

"செவ்வரத்தை நட்டிருக்கிறன், பூசைக்குப் பூ வேணும், அதுக்குத் தண்ணி எண்டு சொல்லுறன்."

"அந்தத் தண்ணியிலை வளந்த பூவைச் சாமிக்கு வைக்கலாமோ எண்டு கேப்பினம்."

"கேட்டால் வைக்காமல் விடுவம். மரத்திலை நிண்டு பூத்தாலும் அது சாமிக்குத்தான் பிள்ளை."

சொன்னபடியே செய்தார். மூன்றாம் நாள் தானே நின்று குழி வெட்டுவித்தார். செவ்வரத்தைத் தடிகள் ஆறு நட்டார். அதிபர் ஓடிவந்து, "கக்கூசுக்குப் பின்னாலை பூந்தோட்டமோ ஐயா?" என்று கேட்டதற்கு, "நல்ல மண் தில்லைநாதன், விடக்கூடாது" என்றார். அதிபருக்கு விளங்கியிருக்கும். மறுபடியும் காது சிவந்தது. ஆனால் அன்று பின்னேரம் யாரும் சொல்லாமலே கக்கூஸ் கதவுக்கு ஒரு புதுக் கொழுக்கி போட்டிருந்தார்.

நான் நேரே சிவபாதத்திடம் போனேன். அவர் தோட்டத்தில் கன்றுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஆனிக்குள்ளை தண்ணி வரும் எண்டு முந்தியும் நீங்கள்தான் சொன்னனீங்கள்" என்றார். "வந்தது. என்ர பிள்ளைக்கு வரேல்லை."

"இப்ப வந்திருக்கு அண்ணை."

"பாத்துத்தான் சொல்லலாம்."

அவர் உண்மையாகவே பார்க்க வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் இடைவேளை நேரம். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, படலையால் வந்து, பெடியள் பந்தடித்துக்கொண்டிருந்த வெளியை நேராகக் கடந்து, பெண்பிள்ளைகளின் கக்கூசை நோக்கி நடந்தார். பந்து நின்றுவிட்டது.

அதிபர் பின்னால் ஓடினார். "சிவபாதம் அண்ணை! அது பொம்பிளைப் பிள்ளையளின்ர பக்கம்!"

"ஓம், பொம்பிளைப் பிள்ளையைப் பெத்தனான். அதுதான் பாக்க வந்தனான்."

உள்ளே ஆளில்லை என்று பார்த்து நான் கதவைத் திறந்துவிட்டேன். அவர் குழாயைத் திருப்பி, உள்ளங்கையில் ஏந்தி, வாயில் விட்டார். அந்த இடத்தில் நின்று ஒரு மனிதன் தண்ணீர் குடித்ததைப் பார்த்து அதிபர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நல்ல தண்ணிதான்" என்றார் சிவபாதம். குழாயைப் பூட்டினார். சொட்டு நிற்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அதிபர் தூரப் போன பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"இரத்தினபுரிக் கடையிலை உந்தப் பஞ்சுப் பக்கெற் விக்கிறனாங்கள் ரீச்சர். பொம்பிளையள் வந்து கையைக் காட்டுவினம். நான் பேப்பரிலை சுத்திக் குடுத்துப் போடுவன். எத்தினை வருசம்! அது என்னத்துக்கு எண்டு தெரியும். ஆனால் யோசிச்சதில்லை."

"அம்பிகையை அனுப்புங்கோ அண்ணை."

"இஞ்சை தண்ணி இருக்கு. வீட்டிலை?" அவர் குரல் சட்டென்று உயர்ந்தது. "வீட்டிலை உவர்தானே! புண் உவராலை எண்டு பரிமளம் போன கிழமைதான் சொன்னவள். நான் ஏதோ நோய் வருத்தம் எண்டு நினைச்சு ஐயரிட்டைத் திருநீறு போடப் பாத்தனான். ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம். பிறகு பிள்ளையை மறிக்கச் சொல்லுவினம். நானும் மறிச்சனான். நல்ல தண்ணிக் குடத்தை அவள் தொட ஏலாது, தாயும் என்ர அக்காவுக்குப் பயம். என்ன செய்யிறது?"

அவர் கேட்டது என்னை மட்டுமல்ல என்று தோன்றியது. எனக்கு ஒரு பெரிய மறுமொழி தெரியாது. சின்னது ஒன்றுதான் தெரிந்தது.

"அவள் குடத்தைத் தொட வேண்டாம் அண்ணை. நீங்கள் மேலாலை ஊத்துங்கோ. அவள் தன்ர வாளியைப் பிடிப்பாள்."

"நானோ?"

"உங்கட அக்கா கேட்டால், 'என்ர பிள்ளை, நான் ஊத்திறன்' எண்டு சொல்லுங்கோ."

மணி அடித்தது. பிள்ளைகள் வகுப்புக்குப் போகத் தொடங்கினார்கள்.

"நான் ஊத்தினாக் காணுமோ, போதுமோ?"

"காணும்."

அவர் படலையை நோக்கி நடந்தார். போகும்போது பெடியள் வழி விட்டு நின்றார்கள். யாரும் கத்தவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, முதலாம் மணிக்கு முன்னரே அம்பிகை தன் வாங்கில் இருந்தாள். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. அது அவளுடைய இரண்டாம் நாள் என்று எனக்குத் தெரிந்தது. கிட்டப் போய்க் குனிந்து கேட்டேன்.

"அப்பா ஊத்தினவரோ?"

"ஓம் ரீச்சர்." அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "முகத்தை மாமி வீட்டு வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டு ஊத்தினவர். பாதித் தண்ணி நிலத்திலை."

"மற்றப் பாதி?"

"அது காணும் ரீச்சர்" என்று சொல்லிவிட்டு அவள் கணக்குக் கொப்பியை விரித்தாள்.